பட்டி பார்த்த எலும்புகள்

என் மருமகள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு நாயின் முன்னங்கால் எலும்பைத் தடவினால் போதும், அது எந்தத் தெருவில் யாரைப் பார்த்துக் குரைத்தது என்பதுவரை சொல்லிவிடுவாள். சரி, இதில் முக்கால்வாசி என் கைச்சரக்கு. இடக்காலா வலக்காலா, குட்டியா கிழடா என்பதை நிஜமாகவே சொல்வாள்.

கால்நடைக் கல்லூரியின் எலும்பு அறை அவள் பொறுப்பு. ஒவ்வோர் எலும்பிலும் குண்டூசி முனை நுழையும் அளவுக்கு ஒரு துளை உண்டு. ரத்தக்குழாய் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. முறிந்த காலுக்குத் தகடு வைக்கிற மருத்துவர் தெரியாமல் அங்கே திருகாணியை இறக்கிவிட்டால் எலும்பு கூடுவது சந்தேகம். அதற்காகத்தான் இவள் மெல்லிய கம்பியைத் துளையில் விட்டு, நுனியிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்து அட்டவணை போடுகிறாள். "எல்லாத்துலயும் ஒரே இடத்துல இருந்தா எனக்கென்ன வேலை அத்தை? இடம் மாறி இருக்கறதுதான் டாக்டரைக் கவுத்துவிடும்" என்பாள். சாப்பிடும்போது என் முன்கையையும் தடவுவாள். "நான் இன்னும் உயிரோடதாண்டி இருக்கேன்" என்று இழுத்துக்கொள்வேன்.

நூற்றிருபது எலும்புகளில் எழுபதை அளந்திருந்தாள். மேலிடத்திலிருந்து பார்வையிட வருகிறார்கள் என்று, அவள் விடுப்பிலிருந்த இரண்டு நாளில், நிர்வாக அலுவலர் பெயின்டரைக் கூப்பிட்டு அத்தனைக்கும் பட்டி பார்த்து வெள்ளையடித்துவிட்டார். ஒரு துளை மிச்சமில்லை.

நான் சாப்பாடு கொண்டுபோனபோது இருவரும் அலமாரி முன்னால் நின்றிருந்தார்கள்.

"பூச்சி அரிச்ச எலும்ப அடுக்கி வெச்சா பாக்கறவங்க என்னம்மா நினைப்பாங்க? இப்ப பாருங்க, பளிச்சுனு இருக்கு."

"பூச்சி இல்ல சார். ரத்தம் போற வழி. உங்க கை எலும்புலயும் இருக்கு. அதையும் அடைச்சிரலாமா? நீங்களும் பளிச்சுனு ஆயிடுவீங்க."

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். "ஓட்டைதானேம்மா. டிரில் வெச்சு மறுபடி போட்டுக்கங்க."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. காது மடல் இரண்டும் சிவந்து, உதடு வெளுத்து நின்றாள். எனக்கோ அந்த மனிதரின் மண்டையைத் தடவி, பட்டி எங்கே பார்த்திருக்கிறது என்று கண்டுபிடிக்க ஆசை.

அன்றிலிருந்து இருபது நாள். ஒரு கையில் பூதக்கண்ணாடி, ஒரு கையில் ஊசி. நகக்கண்ணெல்லாம் வெள்ளைப் பொடி. வீட்டில் யார் என்ன கேட்டாலும், "ம்" என்பதையும் கடித்துத்தான் துப்பினாள்.

மிச்சமிருந்த ஐம்பதிலும் துளையைத் தோண்டியெடுத்து அட்டவணையை முடித்துவிட்டாள் என் சிங்கம் என்று இங்கே எழுதி, பெருமையோடு அவளிடம் வாசித்துக் காட்டினேன்.

"முப்பத்தொம்பது அத்தை," என்றாள். "மிச்சம் பதினொண்ணுல வழக்கமான இடமெல்லாம் சுரண்டிப் பாத்துட்டேன். அங்க இல்ல. வேற எங்க இருந்துச்சுன்னு இனிமே யாருக்கும் தெரியாது. அதுக்கு மேல சுரண்டினா, நானே ஓட்டை போட்ட மாதிரி ஆயிடும்."

என் கையிலிருந்த பேனாவை வாங்கி, 'ஐம்பதிலும்' என்ற சொல்லை அடித்தாள். காகிதம் கிழிந்தது.