கரண்ட் போகாத இடம்

நீலத் திரையில் வெள்ளைப் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. கீழே இங்கிலீஷில் ஒரு வரி. கம்ப்யூட்டரை அணைத்துவிடாதீர்கள் என்று அதற்குப் பொருள் என்று மகள் சொல்லியிருந்தாள். நானா அணைப்பேன்? பக்கத்தில் கையைக் கொண்டுபோகவே பயந்து இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தும்மல் வந்தபோதுகூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் தும்மினேன்.

எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில், வெளியூர் பஸ்கள் நின்று போகும் ஓர் ஓட்டல். கல்லாவுக்குப் பின்னால், தண்ணீர் பாட்டில் கட்டுகள் அடுக்கிய மூலையில் ஒரு மேசை. என் கொழுந்தன் அந்தோணி அந்த ஓட்டலில்தான் கல்லாவில் உட்காருகிறான். லேப்டாப்புக்குப் புது விண்டோஸ் போடுவதற்காக நைனார்பாளையத்திலிருந்து பஸ் பிடித்து ஓட்டலுக்குப் போன ஆள், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

காரணம் இருக்கிறது. இந்த லேப்டாப் என் மகள் ஜெனி பள்ளிக்கூடத்தில் படித்தபோது அரசாங்கம் கொடுத்தது. அவள் படித்து முடித்து ஓசூருக்கு வேலைக்குப் போய்விட்டாள், இது என்னிடம் தங்கிவிட்டது. பேட்டரி செத்து நெடுநாளாகிறது. பிளக்கைப் பிடுங்கினால் அந்தக் கணமே கண்ணை மூடிக்கொள்ளும். எங்கள் ஊரிலோ காற்றடித்தால் கரண்ட் போகும், மேகம் கூடினால் போகும், ஒன்றுமே இல்லாவிட்டாலும் போகும். "நடுவுல ஆஃப் ஆயிட்டா அப்புறம் எழுந்திருக்காதும்மா" என்று ஜெனி சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கரண்ட் போகாத இடம் எது என்று யோசித்தேன். ஆஸ்பத்திரி, பேங்க் எல்லாம் நினைவுக்கு வந்தன. அங்கெல்லாம் போய், "இங்கே கொஞ்ச நேரம் பிளக் போட்டுக்கொள்ளலாமா?" என்று கேட்கிற தைரியம் எனக்குக் கிடையாது. அந்தோணியின் ஓட்டலில் ஜெனரேட்டர் உண்டு. அவனிடம் போனில் கேட்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

"அண்ணி, இதுக்கு இன்னாங்க கேட்டுக்கினு? வாங்க. பரோட்டா மாவு பிசையறதே கரண்ட்லதான். கரண்ட் போச்சுன்னா ஓனருக்கு உயிரே போயிடும். ஜெனரேட்டரு தானா ஓடும்" என்றான்.

பயம் லேப்டாப்புக்காக மட்டும் இல்லை. அதற்குள் ஒரு பழைய தமிழ் மென்பொருள் இருந்தது. நான் கல்யாணப் பத்திரிகையும் கண்ணீர் அஞ்சலியும் அடித்துக் கொடுப்பது அதில்தான். எனக்குத் தெரிந்தது பழைய தமிழ் டைப்ரைட்டரின் விசைமுறை ஒன்றுதான். ய, ள, ன, க என்று விரல்களுக்குப் பழகியது, மூளைக்குத் தெரியாது. எந்த விசையில் எந்த எழுத்து என்று யாராவது கேட்டால் விழிப்பேன், கையை மேசைமேல் வைத்துப் பார்த்துத்தான் சொல்வேன். எனக்கு வேலை தரும் பிரஸ்காரர் அதை அனுப்பும் வெப்சைட் பழைய விண்டோஸில் திறக்காமல் போனதால்தான் இந்த மாற்றமே. மாற்றிய பிறகு அந்த மென்பொருள் ஓடாவிட்டால், நான் தமிழ் அடிக்கத் தெரியாதவள். அவ்வளவுதான்.

"போன்ல வாயால சொன்னா அதுவே எழுதிடுதும்மா" என்று ஜெனி சமாதானம் சொன்னாள். வாயால் சொல்வதுதான் எனக்கு வராதே. அதற்குப் பயந்துதானே விரலால் பிழைக்கிறேன்.

ஓட்டலுக்குப் பின்புறம் யாரோ ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றினார்கள். அந்த வாடை மூக்கில் ஏறியதும் நான் கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டேன்.

பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் சாமுவேல் அண்ணனின் டி.டி.பி. கடை. பிளஸ் டூ முடித்து, டைப்ரைட்டிங் லோயரும் பாஸாகி, முதன்முதலாக வேலைக்குப் போனது அங்கேதான். கண்ணாடிக் கதவு, உள்ளே ஏ.சி., வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். சில்லென்ற அந்த அறைக்குள் ஆஸ்பத்திரிக்குள் நுழைவது போல அடி மேல் அடி வைத்துப் போவேன். கம்ப்யூட்டருக்குத் துணியால் தைத்த உறை போட்டிருப்பார்கள். அதை எடுக்கும்போது தூங்கும் பிள்ளையின் போர்வையை விலக்குவது மாதிரி மெதுவாக எடுப்பேன். "தொட்டா கடிக்காதும்மா" என்பார் சாமுவேல் அண்ணன். கடிக்காது, தெரியும். ஆனால் தவறான விசையைத் தொட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்றும் அவர்தானே சொல்லியிருந்தார்!

அவர் தினமும் காலையில் கம்ப்யூட்டர் முன்னால் நின்று ஒரு செபம் சொல்லிவிட்டுத்தான் சுவிட்சைப் போடுவார். பக்கத்து நாற்காலியில் உட்காரும் செல்வி, வெள்ளிக்கிழமைதோறும் அதே கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைப்பாள். அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார். "ரெண்டு பக்கமும் சொல்லி வெக்கிறது நல்லதுதான்" என்பார். அந்த இயந்திரத்தைக் கண்டு எல்லோருக்கும் பயம்தான், ஆளுக்கொரு விதமாக அதை மறைத்தோம் என்று இப்போது தோன்றுகிறது.

கரண்ட் போனால் யூ.பி.எஸ். கத்தும். மேசைக்கு அடியிலிருந்து, தாயைத் தேடும் பூனைக்குட்டி மாதிரி விட்டுவிட்டுக் கத்தும். நேரம் ஆக ஆக ஒரு கத்தலுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி குறையும். அது ஒரே சத்தமாக நீண்டுவிட்டால் திரை இருண்டுவிடும். சத்தம் கேட்ட உடனே சாமுவேல் அண்ணன் உள்ளேயிருந்து, "சேவ் பண்ணு! சேவ் பண்ணு!" என்று கத்துவார். செல்வி கத்துவாள். சந்தில் வாழைப்பழம் விற்கும் அம்மாவுக்குக் கம்ப்யூட்டர் என்றால் என்னவென்றே தெரியாது, அவரும் தள்ளுவண்டியிலிருந்து, "பாப்பா, சேவ் பண்ணிக்கோ!" என்று குரல் கொடுப்பார். பிறகு அண்ணன் பின்புறம் ஓடி டீசல் ஜெனரேட்டரின் கயிற்றை இழுப்பார். அது என்றைக்காவது முதல் இழுப்பில் ஓடியதாக எனக்கு நினைவில்லை.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அடித்து முடித்த பத்திரிகையை வந்தவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும். அது கடையின் பழக்கம். எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் நிறையப் பேர் வருவார்கள், படித்தவர்களும் காதால் கேட்டால்தான் திருப்திப்படுவார்கள். பத்திரிகையில் எந்தப் பெயர் மேலே, எந்தப் பெயர் கீழே என்பதில்தான் எத்தனை சண்டை! பெரியப்பா பெயருக்கு மேலே சித்தப்பா பெயர் வந்தால் அங்கேயே குரல் உயரும். தாய்மாமன் பெயர் விட்டுப்போனால் கல்யாணமே நின்றாலும் நிற்கும். இத்தனை பேர் நடுவில் நின்று நான் படிக்க வேண்டும். குரல் உடையும். "ஏம்மா, எங்க வூட்டுக் கல்யாணத்துக்கு நீ ஏன் அழுவுற?" என்று ஒருவர் கேட்டே விட்டார். செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஒருநாள் பிற்பகல் கரியாலூரிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெண்ணின் அப்பா, அவருடைய சொந்தக்காரர்கள், கடைசியில் யாரோடும் பேசாமல் நின்ற ஒருவர். கையோடு மலைப் பலாப்பழம் ஒன்றும் கொண்டுவந்திருந்தார்கள். அதை உள்ளே கதவோரம் வைத்ததும் ஏ.சி. அறை முழுக்க அந்த வாசனை. அடித்து முடித்துப் படித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசியில் நின்றவர் மட்டும் அசையவில்லை.

"என் பேரு எங்க?" என்றார்.

அவர்தான் பெண்ணின் தாய்மாமன், வெள்ளையன். பெண்ணின் அப்பா சொன்ன பெயர்களில் அவர் பெயர் இல்லை. இரண்டு குடும்பத்துக்கும் ஏதோ மனத்தாங்கல் என்று பிறகு தெரிந்தது. பெண்ணின் அப்பா தரையைப் பார்த்தார். வெள்ளையன் வாசலைப் பார்த்தார். இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தால் அவர் போய்விடுவார், கல்யாணத்துக்கும் வர மாட்டார் என்று எனக்கே தெரிந்தது.

"இன்னா, போட்டுடலாமா?" என்று செல்வி பெண்ணின் அப்பாவைக் கேட்டாள்.

அவர் தலையை நிமிர்த்தாமலே, "போடு" என்றார். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது.

யூ.பி.எஸ். கத்த ஆரம்பித்தது. மலைக்குப் போகும் கடைசி பஸ் கிளம்ப நேரமாகிவிட்டது. அண்ணன் பின்புறம் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார், ஜெனரேட்டர் இருமியது, ஓடவில்லை. சத்தம் நெருங்கியது. என் விரல்கள் விறைத்துவிட்டன. "அடிடீ! அவரு மனசு மாறதுக்குள்ள அடிடீ!" என்று செல்வி என் தோளில் குத்தினாள். தாய்மாமன் என்ற சொல்லை அடிக்க விரல்கள் நடு வரிசையை விட்டு எங்கேயும் போக வேண்டாம். அது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு அதையும் அவர் பெயரையும் ஊரையும் அடித்தேன். செல்வி என் கைக்கு மேலே கையை நீட்டிச் சேவ் பண்ணினாள். சத்தம் நீண்டது, திரை இருண்டது.

இருட்டில் வெள்ளையன் கேட்டார்: "பேரு பூந்துச்சா?"

"பூந்துச்சுங்க" என்றேன். தாளைப் பார்த்துப் படிக்காமல், தெரியாத ஆணிடம் நானாக உரக்கப் பேசிய முதல் வார்த்தை அதுவாகத்தான் இருக்கும்.

போகும்போது பெண்ணின் அப்பா பலாப்பழத்தைத் தூக்கித் தோளில் வைக்கப்போனார். வெள்ளையன் அதை அவரிடமிருந்து வாங்கி எங்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். விசைப்பலகையில் பலாப்பிசின் ஒட்டும் என்று நாங்கள் அலறியதை அவர் மரியாதைக்கு வேண்டாமென்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

"அண்ணி! அண்ணி! லைட்டு மினுக்குது பாருங்க."

அந்தோணியின் குரலில் திடுக்கிட்டு ஓட்டலுக்குத் திரும்பி வந்தேன். விளக்குகள் ஒருமுறை மங்கி மறுபடி எரிந்தன. லேப்டாப் திரையும் இருண்டிருந்தது. நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். சேசுவே, சேசுவே என்று வாய் முணுமுணுத்தது. பரோட்டாக் கல் பக்கத்திலிருந்து மாஸ்டர் எட்டிப்பார்த்தார்.

"இன்னாங்க, செத்துடுச்சா?"

"வாய வெக்காத யா" என்றான் அந்தோணி.

செத்துப்போகவில்லை. தானே அணைந்து எழுந்திருக்கிற கட்டமாம் அது. புது முகத்தோடு எழுந்தது. எல்லாப் படங்களும் இடம் மாறியிருந்தன, சொந்த வீட்டுக்குள் யாரோ சாமான்களை நகர்த்தி வைத்த மாதிரி. ஜெனிக்குப் போன் போட்டுக் காதில் வைத்துக்கொண்டே என் தமிழ் மென்பொருளைத் தொட்டேன். திறக்கவில்லை. மறுபடி தொட்டேன். இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு மூடிக்கொண்டது. பழைய கோப்பு ஒன்றைத் திறந்தேன். தமிழே இல்லை. இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமாகப் பக்கம் முழுக்கக் குப்பை.

"அந்த சாஃப்ட்வேரோடதான் அந்த எழுத்தும்மா. அது ஓடலன்னா இப்படித்தான் தெரியும்" என்றாள் ஜெனி. "அதோட சிடி கிடி எதுனா வெச்சிருக்கியா?"

சிடி ஏது? கடையை மூடுகிறபோது சாமுவேல் அண்ணன், "உனக்காவது உதவட்டும்" என்று கடையின் பழைய கோப்புகளோடு சேர்த்துத் தன் கையால் ஏற்றிக் கொடுத்தது அது. அவரும் இல்லை. செல்வி கல்யாணமாகிச் சேலத்துப் பக்கம் போனாள், அவளுடைய போன் எண் இப்போது வேறு யாருக்கோ போகிறது.

அந்தோணி குனிந்து பார்த்தான். "இன்னாங்க இது, இங்கிலீஷா?"

என் கைகள் மடியிலிருந்து எழுந்து மேசைமேல் உட்கார்ந்திருந்தன. திரையில் இருந்த குப்பை, நான் அன்றைக்குத் தட்டிய அதே விசைகள்தான். ஜே, எச், ஏ, அரைப்புள்ளி. வலது ஆள்காட்டி விரல் அசைந்தது, இடது சுண்டுவிரல் அசைந்தது, வலது சுண்டுவிரல் புள்ளி வைத்தது. கே, எச், கே, டி, அரைப்புள்ளி. எந்த விரலும் நடு வரிசையை விட்டுப் போகவில்லை.

"தாய்மாமன்" என்றேன்.

"இன்னா?"

"தாய்மாமன் வெள்ளையன், கரியாலூர்" என்று படித்தேன். நினைத்ததைவிட உரக்கப் படித்துவிட்டேன். பஸ்ஸிலிருந்து இறங்கி டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் குரல் நடுங்கியது, கடையில் படித்துக் காட்டிய நாட்களைப் போலவே.

"யம்மா, நீங்க மட்டும் எப்டிங்க படிக்கிறீங்க?" என்றான் அந்தோணி. அவனுக்கு அது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. இந்தப் பெட்டிக்குள் இருக்கிற எல்லாக் கல்யாணத்தையும் எல்லாச் சாவையும் படிக்க இனி நான் மட்டும்தான்.

வேலைக்கு ஒன்றும் மோசம் வரவில்லை. ஜெனி ஓசூரிலிருந்தபடியே அதே டைப்ரைட்டர் விசைமுறையில் அடிக்க ஒன்றைத் தேடிப் போட்டுக் கொடுத்தாள். கே-யைத் தட்டினேன், ம வந்தது. கண்ணில் தண்ணீரும் வந்தது. ஆனால் பழையதை அது படிக்காதாம். பழைய கோப்புகளை மாற்றித் தர வேறு ஏதோ வழி இருக்கும், பிறகு பார்க்கலாம் என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. மறுநாள் மாலை வீட்டில் உட்கார்ந்து, அந்தக் கரியாலூர் பத்திரிகையைக் குப்பை எழுத்தில் விரலால் படித்துப் படித்துப் புது எழுத்தில் அடித்தேன். பெண்ணின் பெயர், மாப்பிள்ளையின் பெயர், பெரியவர்களின் பெயர்கள். கடைசி வரிக்கு வந்து, தாய்மாமன் என்று அடித்தேன்.

கரண்ட் போனது. திரை இருண்டது.

"சேவ் பண்ணு!" என்று கத்தினேன். என் குரல்தான். வீட்டில் வேறு யாரும் இல்லை. மேசைக்கு அடியில் எதுவும் கத்தவில்லை, வெளியே யாரும் குரல் கொடுக்கவில்லை. விரல்களை அந்த விசைகளின் மேலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பேரு பூந்துச்சா என்று யாராவது கேட்பார்கள் என்பதுபோல.