யார் போட்ட கீரைக்கு யார் பேரில் கடன்?

போன வருடம் புரட்டாசி மாதம், செம்பரம்பாக்கம் பக்கத்தில் ஒரு வங்கிக் கிளையில் தொடங்கியது இது. நினைத்தால் இப்போதும் கோபம் பொத்துக்கொண்டு வருகிறது. அதில் பாதி, என் மேலேயே வருகிற கோபம்.

நான் ஐயப்பன்தாங்கலில் குடியிருக்கிறேன். மென்பொருள் நிறுவனத்தில் வேலை. எங்கள் அடுக்ககத்து வாசலுக்குக் காலையில் மொபெட்டில் கீரை கொண்டுவருவார் ஓர் அக்கா. செம்பரம்பாக்கத்தில் எழுபது சென்ட் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பதினோரு வருடமாக அரைக்கீரையும் சிறுகீரையும் போட்டு வந்தவர். திடீரென்று இரண்டு நாள் ஆளைக் காணோம். மூன்றாம் நாள் வந்து, “கெணத்து மோட்டார் பூட்ச்சிமா. புதுசு போடணும். வாரவட்டிக்காரன் கிட்டதான் போவணும்” என்றார்.

எனக்குத்தான் எல்லாம் தெரியுமே! “எதுக்குக்கா வட்டிக்கு வாங்குறீங்க? விவசாயிக்குப் பேங்க்லயே கம்மி வட்டிக்குத் தர்றாங்க. நான் வாங்கித் தர்றேன்” என்றேன். அவர் சொன்ன சர்வே நம்பரை வைத்து இணையத்தில் சிட்டா எடுத்தேன். விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். ஒருநாள் விடுப்புப் போட்டு அவரோடு போனேன்.

பத்தரைக்குப் போன எங்களை அதிகாரி பன்னிரண்டரைக்குத்தான் கூப்பிட்டார். நான் கார் வாங்கியபோது, இதே வங்கியின் இன்னொரு கிளையில் சம்பளச் சீட்டைக் காட்டிய அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது. உட்காரவைத்துத் தேநீர்கூடக் கொடுத்தார்கள். இங்கே அக்காவை யாரும் உட்காரக்கூடச் சொல்லவில்லை.

“பட்டா இவங்க பேர்ல இல்லையே. குத்தகைப் பத்திரம் இருக்கா? இல்லன்னா ஓனர்கிட்ட லெட்டர் வாங்கிட்டு வாங்க” என்றார் அதிகாரி. வாய்வார்த்தையில் ஓடுகிற குத்தகைக்குப் பத்திரத்துக்கு எங்கே போவது? அதற்குள் கணினியைப் பார்த்தவர், மழை வருகிறது என்று சொல்வதுபோல அலட்டிக்கொள்ளாமல் சொன்னார். “இந்த நிலத்துக்கு ஏற்கெனவே பயிர்க்கடன் ஓடுதும்மா. ஓனர் வாங்கியிருக்காரு. கீரை சாகுபடின்னு போட்டிருக்கு.”

அக்காவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. “இன்னா சார் சொல்ற? அவரு அந்த மண்ணுல காலே வச்சதில்ல. நான்தான கீர போட்டுகினு கீறேன்?”

“எங்களுக்குப் பேப்பர்தாம்மா கணக்கு” என்று அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே வந்து, நில உரிமையாளருக்குப் போன் போட்டார் அக்கா. வீட்டுமனை விலை ஏறட்டும் என்று நிலத்தைப் போட்டுவைத்துவிட்டு நகரத்துக்குள் வசிப்பவர் அவர். ஒரு கையெழுத்துப் போதும் என்று அக்கா கெஞ்சினார். “இன்னிக்குக் கையெழுத்துப் போட்டா நாளைக்கு நிலமே என்னுதுன்னு சொல்லுவ” என்று அவர் கத்தியது எனக்கே கேட்டது. போனைப் பிடுங்கினேன். “அவங்க போட்ட கீரையக் காட்டி நீங்க கடன் வாங்குவீங்களா? புகார் கொடுத்தா என்ன ஆகும் தெரியுமா?” என்றேன். அவர் இணைப்பைத் துண்டித்தார். உண்மையைச் சொன்னால், எனக்கு அப்போது பெருமையாகத்தான் இருந்தது.

அக்கா வாரவட்டிக்கே வாங்கி மோட்டார் போட்டார். அடுத்த வாரமே மோட்டார் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டு, நிலத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் அந்த நில உரிமையாளர். அக்காவின் புது மோட்டார் உள்ளே. பத்து நாளில் பறிக்கவேண்டிய கீரை, தண்ணீர் இல்லாமல் கண்ணெதிரே சுருண்டது. காவல் நிலையத்துக்கு ஓடினோம். அங்கேயும் அதே கேள்வி, “பத்திரம் இருக்கா?” வங்கிக்கு நான் எழுதிய புகாருக்குப் பரிசீலிக்கிறோம் என்று ஒற்றை வரி வந்தது. அவ்வளவுதான்.

என்னால்தான் எல்லாம் என்று அக்காவிடம் அழுதேன். அவர் என்னைத் திட்டவில்லை. “நீ கேட்டது தப்பில்லமா. ஆனா நீ கேட்டுட்டு உன் ஊட்டுக்குப் பூட்ட. நான் அங்கதான நிக்கணும்?” என்றார். என் பேரில் கடன் எடுத்துத் தருவதாகச் சொன்னேன். “உன் பேரு வாணாம். என் பேருல குடுக்கமாட்டேன்றான், அதான் எனக்கு எரியுது” என்றார்.

பல நாள் அலைந்து மோட்டாரை மட்டும் மீட்டார். இப்போது பாரிவாக்கத்தில் முப்பது சென்ட்தான். ஆனால், முதல் விதை போடுவதற்கு முன்பே முத்திரைத்தாளில் குத்தகையை எழுதி வாங்கிவிட்டார். அதோடு மறுபடி வங்கிக்குப் போனோம். இந்தமுறை அவரே பேசினார், நான் பின்னால் நின்றேன். “பதிவு பண்ணின பத்திரம்தான் செல்லும்” என்று திருப்பி அனுப்பினார்கள். அக்கா அடுத்த வாரம் பதிவு அலுவலகத்துக்குப் போகப்போகிறார்.

அடுத்தவருக்காகக் குரல் உயர்த்தும் முன், அதற்கான அடி யார் முதுகில் விழும் என்று யோசிக்க இப்போது கற்றுக்கொண்டிருக்கிறேன். ஆனால், பதினோரு வருடம் மண்ணில் குனிந்து நின்ற ஒருவர் தானும் ஒரு விவசாயிதான் என்று இன்னும் மேஜை மேஜையாக நிரூபிக்க வேண்டியிருப்பதை மட்டும் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடியவில்லை.