மூன்று வாரம் சவுண்டல் தழை

கால்நடை ஆய்வாளராக வேலையில் சேர்ந்த புதிதில் எனக்கு வாய் கொஞ்சம் நீளம். "சவுண்டல் மரத்துத் தழையில புண்ணாக்கு அளவுக்குச் சத்து இருக்கு, ஆட்டுக்குப் போடுங்க" என்று கல்வராயன் மலையடிவாரத்தில் ஊர் ஊராகச் சொல்லித் திரிந்தேன். எவ்வளவு போடலாம், எதோடு கலக்கலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை.

அப்போதுதான் ஊர்த்தெருக்காரர்கள் இட ஒதுக்கீடு கேட்டு நடத்திய போராட்டம் சூடுபிடித்தது. ஊருக்கு வெளியே இருந்த காலனியில், கணவரை இழந்த ஒரு பெண் நான்கு சினையாடுகள் வைத்திருந்தார். அவருக்கு இருந்தது அவ்வளவுதான். ஊர்த்தெருவைத் தாண்டி மேய்க்கப் போனால் வம்பு வருமோ என்று பயந்து ஆடுகளை வீட்டிலேயே கட்டிவிட்டார். வேலியோரம் சவுண்டல் நின்றது. என் பேச்சை நம்பி, மூன்று வாரமாக அதை மட்டுமே ஒடித்துப் போட்டிருக்கிறார்.

போராட்டக்காரர்கள் சாலையில் மரங்களை வெட்டிப் போட்டு பஸ் நின்றுபோன வாரம், சைக்கிளைத் தூக்கித் தூக்கித் தாண்டி அங்கே போனேன். ஆடுகளின் முதுகைத் தடவிப் பார்த்தேன். முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்து முதுகுத் தோல் தெரிந்தது. அந்தத் தழை அளவு மீறினால் அப்படித்தான் ஆகும். வயிற்றில் குட்டியும் தங்காமல் போகலாம். நான் படித்த பாடம்தான்.

"நீங்க சொன்னபடிதான் சார் போட்டுக்கினு வந்தேன். நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்றார்.

தப்பு என்னுடையது என்றேன். அவர் நம்பவில்லை.

உடனே வேறு தழை வேண்டும். சாலையில் வாகையும் வேம்பும் புளியும் சாய்ந்து கிடந்தன. வர மாட்டேன் என்றவரை வற்புறுத்தி ஆடுகளை ஓட்டிவரச் செய்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தேன். மரத்தின்மேல் அரிவாளோடு உட்கார்ந்திருந்த ஒருவர் எழுந்து வந்தார். நான் சைக்கிளைக் குறுக்கே நிறுத்தினேன். அவர் ஆடுகளின் முதுகைத்தான் பார்த்தார்.

"இன்னாம்மா, சவுண்டலே போட்டியா? எங்க வூட்டு ஆடும் இப்டித்தான் ஆயிப்போச்சு. எவனோ ஒரு ஆபீசர் சொன்னான்னு போட்டேன்."

அந்தப் பெண் என்னை ஒருமுறை பார்த்தார். காட்டிக்கொடுக்கவில்லை.

"தின்னட்டும் வுடு, வண்டிதான் போவக் கூடாது" என்று அரிவாள்காரரே வாகைக் கிளையை வெட்டி ஆடுகளின் முன்னால் இழுத்துப் போட்டார்.

இரண்டு ஆடுகள் குறைமாதத்தில் குட்டி வீசிவிட்டன. மற்ற இரண்டும் தேறி ஈன்றன. அதன்பிறகு அந்தப் பக்கம் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது. ஒருநாள் போயே ஆக வேண்டியதாயிற்று. அந்தப் பெண் ஒரு குட்டியைத் தூக்கி வந்து என் முன்னால் நிறுத்தினார்.

"இதுக்கு இன்னா போடலாம் சார்?"

என்னிடம்தான் கேட்டார்.