தாஸ் பாஸ் பொருத்திய கதவு

வட்டகொடை ரயில் கடவை சாத்தியிருந்தது. எதிர்ப்பக்கம் நின்ற மரக்கறி லொறியின் சாரதி இறங்கி, தண்டவாளத்தைக் கடந்து என் காரை நோக்கி வந்தார். “நானா, தாஸ் பாஸ் போயிட்டாருங்க. காலையில நெஞ்சு வலிக்குதுன்னு ஒக்காந்தாராம், அவ்வளவுதான்” என்றார். கடவை திறந்து, பின்னால் ஹார்ன் அடிக்கத் தொடங்கிய பிறகும் எனக்குக் கியர் போடக் கை வரவில்லை.

ஹட்டனில் கார் வைத்திருந்த உங்கள் எல்லோருக்கும் கார்த் தகடு தட்டிச் சீராக்கும் டிங்கர் வேலை பார்த்த மரியதாஸை, உங்கள் தாஸ் பாஸை, தெரியும். சொன்ன நாளில் காரைத் திருப்பிக் கொடுக்கமாட்டார் என்பதும் தெரியும். அந்தக் கோபத்தில் அவருடைய கராஜ் வாசலில் நின்று பலமுறை கத்தியிருக்கிறேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். குடித்துவிட்டு மறுபடி கத்துவேன்.

சுதந்திரம் வந்த கையோடு கப்பலேறிப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்டத் துரையிடம் வாங்கிய பழைய கார் என்னுடையது. அதை வாடகைக்கு ஓட்டித்தான் என் வீட்டில் அடுப்பெரிகிறது. அதன் பின்கதவுகளுக்குக் கீல் பின்பக்கம். பூட்டு நழுவினால் காற்றே கதவை அகலத் திறந்துவிடும். ஒருநாள் பிரசவத்துக்காக நுவரெலியா ஆஸ்பத்திரிக்கு ஒரு பெண்ணை ஏற்றிப் போகையில், வளைவில் அவள் பக்கத்துக் கதவு திறந்துகொண்டது. மாமியார் சேலையோடு சேர்த்து இழுத்துப் பிடித்ததால் பிழைத்தாள். தாயும் பிள்ளையும் நலமாக வீடு திரும்பினார்கள். என் பெயர்தான் கெட்டது. ‘கதவு காதர்’ என்றார்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களிலிருந்து என்னைத் தேடி ஆள் வருவது நின்றது.

வேறு கராஜ்களில் கதவைத் தட்டி வளைத்தார்கள், பூட்டை அரத்தால் ராவினார்கள். அங்கே டக்கென்று சாத்தும். ஆளை ஏற்றிக்கொண்டு மலை ஏறினால் பழைய கதைதான். தாஸோ கதவைத் தொடவே இல்லை. கடைத்தெருவில் கனத்த ஆட்களாகப் பார்த்துக் கூட்டி வந்து காருக்குள் உட்காரவைத்தார். “இது என்ன கலியாண வீடா?” என்று எரிந்து விழுந்தேன். “காரு சும்மா நிக்கையில கதவு சாத்துறது பெரிசில்லீங்க நானா. ஆளு ஏறுனப்புறமும் சாத்தணும்” என்றார்.

ஆட்கள் ஏறியதும் கதவின் இடுக்கு மேலே விரிவதைக் காட்டினார். சேசிஸ் என்கிற அடிச்சட்டத்தின் மேல் பாடி உட்காரும் இடத்து ரப்பர் நைந்து போயிருந்தது. பாரம் ஏறினால் பின்பக்கமே அமிழ்ந்தது. கதவின் மேல் ஒரு குற்றமும் இல்லை. ஆட்களை இறக்கி, பாடியை ஜாக்கியால் தூக்கி, பழைய டயரில் வெட்டிய துண்டைச் செருகி, மறுபடி ஆட்களை ஏற்றி, இடுக்கில் விரலை ஓட்டிப் பார்ப்பார். சரியில்லை என்றால் மீண்டும் இறங்கவேண்டும். “தாஸு, இன்னும் எத்தன தரம்யா ஏறி எறங்குறது?” என்று பேக்கரி முதலாளி சலித்துக்கொண்டார். “நீங்க மெலியிற வரைக்கும், மொதலாளி.” சாயங்காலம் இடுக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே சீராக நின்றது.

கதவு சரியானதே தவிர, ஆள் வரவில்லை. வாடகைக் கார் ஸ்டாண்டில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன். அந்த ஞாயிற்றுக்கிழமை தாஸ், வாயும் வயிறுமாக இருந்த மனைவி லூர்துவைக் கூட்டிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தார். “கோயிலுக்குப் போகணும் நானா. கொட்டகலை வரைக்கும் ஒரு சுத்து சுத்திட்டுப் போங்க.” கோயில் நடக்கிற தூரம்தான். அந்தக் கதவோரமாகவே மனைவியை ஏறச் சொன்னார்.

“தாஸ், அவங்களை நடுவுல இருத்துங்க” என்றேன்.

“நான் பொருத்துன கதவுல எம் பொண்டாட்டியே சாயலைன்னா, வேற யாரு பொண்டாட்டி நானா சாய்வா?”

லூர்து கதவில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, “கதவுக்கு நான் பயப்படலீங்க நானா. நீங்க கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க, அது போதும்” என்றார். ஸ்டாண்டே சிரித்தது. அந்த வாரமே ஒரு லயத்திலிருந்து பிரசவத்துக்கு என்னைக் கூப்பிட்டு விட்டார்கள். அந்த மனிதர் எனக்குச் செய்ததை என் உடன்பிறந்தவர்களும் செய்யவில்லை. உயிரோடு இருந்தபோது இதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து லூர்துவை என் காரில்தான் வீட்டுக்குக் கூட்டிப் போனேன். மயக்கம் வரும், நடுவில் உட்காருங்கள் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். “இது அவரு பொருத்துன கதவு” என்று சொல்லி ஓரமாகவே ஏறி, அதில் தலையைச் சாய்த்துக்கொண்டார். வழியெல்லாம் நான் மெதுவாகவே ஓட்டினேன்.

‘கதவு காதர்’ என்ற பெயர் இன்னும் போகவில்லை. போகவும் வேண்டாம். பிரசவத்துக்குப் போகும் பெண்களை அந்தக் கதவோரமாகத்தான் உட்காரவைக்கிறேன். “நல்லா சாஞ்சுக்கங்க” என்கிறேன்.