அம்மிக்கல்லின் அடிப்பக்கம்

1. மூன்று அங்குலமும் அரை அங்குலமும்

மடுல்சீமைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில் மண் சரிந்து, தொழிலாளர் வீடுகள் வரிசையாய் ஒட்டியிருந்த ஒரு லயமே புதைந்துபோனது. வருடம் திரும்பியதும் நினைவுக்கல் வைக்கக் கமிட்டி போட்டார்கள். அதன் தலைவர் பதுளையில் இருக்கும் என் கல்வெட்டுப் பட்டறைக்கு வந்து அளவு சொன்னார். திறந்துவைக்கிறவர் பெயர் மூன்று அங்குலம். தலைவர் பெயர் இரண்டு அங்குலம். செத்தவர்கள் பெயர் அரை அங்குலம். செத்தது நீங்களா அவர்களா என்று கேட்க வாய் துடித்தது, அடக்கிக்கொண்டேன்.

எங்கள் தொழிலில் முதலில் காவியைக் கரைத்து பிரஷ்ஷால் கல்லில் எழுதுவோம். வாடிக்கையாளர் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் உளி. தோட்டத்து ஆட்கள் யார் யாரென்று சொல்லிக் கொடுத்த பட்டியலில் பதினேழு பேர். பதினேழையும் எழுதிவைத்தேன்.

தலைவர் கடைசிப் பெயரில் விரலை வைத்தார்.

"இது யாரு, செல்வி?"

"புஷ்பம் மகளுங்க. கொழுந்தெடுத்த புள்ள."

"பொணமே கெடைக்கலையே. டெத் சர்டிபிகேட்டும் இல்ல. நாளைக்கு எவனாவது கேட்டா நானா பதில் சொல்றது?"

"மண்ணுக்குள்ளதானேங்க கெடக்குது அந்தப் புள்ள."

"அதெல்லாம் ஒங்களுக்கு எதுக்கு? வெட்டுறது மட்டுந்தான் ஒங்க வேல."

சொல்லிக்கொண்டே பையிலிருந்த லேஞ்சியைத் தண்ணீரில் நனைத்து அந்தப் பெயரைத் துடைத்தார். மூக்குத் துடைக்கிற லேஞ்சி அது.

விழாவுக்கு நான்கு நாள்தான் இருந்தது. முப்பது வருடம் உளி பிடித்த நான் வாயைப் பொத்திக்கொண்டு பதினாறு பெயரை வெட்டிக் கொடுத்தேன். வெட்கங்கெட்ட வேலை.

2. பாஸ்டர் சொன்ன வினைச்சொல்

தெமோதரைப் பக்கம் ஒரு தேவாலயத்துக்குக் கல் வெட்டியதில் அதன் பாஸ்டர் பழக்கம். எபிரேயம் படித்தவர். நான் முருகனைக் கும்பிடுகிறவன், ஆனால் தொழில் பேச்சென்றால் யாருக்கும் காது கொடுப்பேன். ஒருநாள் அவர் பட்டறைக்கு வந்தபோது நடந்ததையெல்லாம் கொட்டித் தீர்த்தேன்.

"அண்ணே, வேதத்துல ஹாகாக்னு ஒரு வினை வருது" என்றார். "மையால எழுதுறது இல்ல, வெட்டிப் பதிக்கிறது. பாறையில கல்லறை குடையிறதுக்கும் அதுதான். செங்கல்லுல ஊர்ப் படம் கீறுறதுக்கும் அதுதான். கைவிட்டுட்டீங்களேன்னு அழுற ஊரப் பாத்து, ஒன்ன என் உள்ளங்கையில வெட்டி வச்சிருக்கேன்னு கடவுள் சொல்றப்பவும் அதே சொல்லுதான். தமிழ்ல வரைந்திருக்கிறேன்னு போட்டிருக்கு."

உளி தவறிக் குத்திய தழும்பு என் இடது உள்ளங்கையில் இருக்கிறது. வரைவது எது, வெட்டுவது எது என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"சட்டம் போடுறதுக்கும் அந்தச் சொல்லுதாண்ணே. அநியாயச் சட்டத்த வெட்டி வைக்கிறவனுக்கு ஐயோன்னு ஒரு தீர்க்கதரிசி சாபம் விடுறாரு. அங்கயும் ஹாகாக்தான்."

"அந்தச் சாபம் வெட்டச் சொன்னவனுக்கு மட்டுமா, வெட்டினவனுக்குமா?" என்று கேட்டேன்.

3. புஷ்பம் வந்த நாள்

விழா முடிந்த இரண்டாம் வாரம் புஷ்பம் பஸ்ஸேறி வந்தாள். சாக்குக்குள் ஒரு சின்ன அம்மிக்கல். கண்டக்டர்தான் இறக்கிக் கொடுத்தாராம். வைவாள் என்று நினைத்தேன். வைதிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

"மண்ணத் தோண்டுனப்ப இது கெடச்சுச்சுண்ணே, புள்ள கெடைக்கல. இதுல அவ பேர வெட்டிக் குடுங்க."

"பேரு மேல எப்படிம்மா அரைப்ப?"

"அடிப்பக்கம் வெட்டுங்க. மேல நா அரைக்கணும். தேங்காச் சம்பல் அரைச்சா அவ ரெண்டு ரொட்டி கூடத் திம்பா."

காவி கரைக்கவில்லை. கல்லைக் கவிழ்த்து நேராக உளியை வைத்தேன். செல்வி என்ற பெயரை, திறந்துவைத்த பெரிய மனிதருக்குக் கொடுத்த அதே மூன்று அங்குலத்தில், விரல் பதியும் ஆழத்துக்கு வெட்டினேன். புஷ்பம் பக்கத்திலேயே குந்தியிருந்து, பறந்த கல்தூளைத் துடைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தொழிலுக்கு வரும் பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். வெட்டிய பிறகு கோபப்பட்டுப் புண்ணியமில்லை. சண்டை போட நேரம் இருப்பது, காவி காயாமல் இருக்கும்போதுதான். ஒரு பெயரை எவனாவது துடைக்க வந்தால், அவன் கையைப் பிடியுங்கள்.

நான் பிடிக்கவில்லை.