இருமல் இல்லாத நெஞ்சு

கோணேஸ்வரி பதினொரு வருடம் கல் உடைக்கும் ஆலையில் வேலை செய்தவள். திருகோணமலை நகரத்துக்கு வெளியே, இயந்திரத்திலிருந்து கொட்டும் சல்லியில் பெரிய கற்களைப் பொறுக்கித் தள்ளுவது அவளுடைய வேலை. பின்னேரம் வீடு திரும்பும்போது புருவம்வரை கல்தூசியால் வெள்ளையாக இருக்கும். குளித்தால் போய்விடும் என்றுதான் நினைத்திருந்தாள்.

இரண்டு வருடத்துக்கு முன் சுகாதாரப் பரிசோதகர் வந்து, மார்புச் சிகிச்சை நிலையத்தில் கல் வேலைக்காரருக்கு எக்ஸ்ரே நெஞ்சுப் படம் எடுக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். ஒருவரும் அசையவில்லை. நோய் வருத்தம் என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயம். அவளுக்கும் பயம்தான். ஆனால் அவளோடு வேலை செய்த ஆனந்தராசா, நாற்பத்தெட்டு வயதில், கிணற்றடிக்குப் போவதற்குள் இரண்டு தரம் குந்தி மூச்செடுக்கும் நிலையில் இருந்தார். அவரைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் லீவு கேட்டாள்.

படத்தில் கடுகளவு புள்ளிகள் இருந்தன.

"எனக்கு இருமல்கூட இல்லையே, டொக்டர்."

"அதாலதான் சொல்லுறன், நல்ல நேரத்தில வந்திருக்கிறீங்கள்," என்றார் டொக்டர் ரிஸ்னா. "தூசியால வந்த தழும்பு மாறாது. ஆனா இனித் தூசிக்குள்ள நிக்காட்டி, கூடாமல் வச்சிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு."

பஸ் நிலையத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். நிலாவெளியில் கரைவலை இழுக்கும் கணவன் யோகராசா, அந்தக் கிழமையோடு வேலையை விட்டு நின்றுவிடச் சொன்னார்.

கடைசி நாள் தேநீர் நேரத்தில் படத்தை வெயிலுக்கு நேரே பிடித்து எல்லோருக்கும் காட்டினாள். இயந்திரம் ஓட்டும் முனீப் முதலில் சிரித்தார். பிறகு கிட்ட வந்து நெடுநேரம் பார்த்தார்.

"இது உங்கட நெஞ்சா, அக்கா?"

"ஓம். இருமல் இல்லாத நெஞ்சு."

அடுத்த கிழமை ஒன்பது பேர் போனார்கள். முனீப் உட்பட மூன்று பேருக்குப் புள்ளி இருந்தது. முதலாளி ஒன்றும் செய்யாமல் இரண்டு மாதம் இழுத்தடித்தார். சிகிச்சை நிலையத்திலிருந்து கடிதம் வந்த பிறகுதான் தூசி அடங்க இயந்திரத்துக்கு மேலே தண்ணீர் தெளிக்கும் குழாய் பூட்டினார். மூவரையும் தூசியில்லாத வேலைக்கு மாற்றினார். ஒருவருக்கும் வேலை போகவில்லை.

கோணேஸ்வரி இப்போது நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் துணி தோய்க்கிறாள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிகிச்சை நிலையத்துக்குப் போய்க் குழாயில் மூச்சை ஊதிக் காட்டுவாள். போன தடவையும் அளவு குறையவில்லை.

போன மாதம் வேறொரு ஆலையிலிருந்து நாலு பெண்கள் சிகிச்சை நிலையத்துக்கு வழி கேட்டு அவளிடம் வந்தார்கள். வழி சொல்லத் தொடங்கியவள், பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு அவர்களோடு பஸ் ஏறினாள்.