தாடி ராஜாவின் விலை

அமாவாசைக்கு மறுநாள் எங்கள் வீட்டில் புளி வாசனை அடிக்கும். குழம்புக்காக அல்ல, காசுக்காக.

இராமேஸ்வரத்துக்குத் தர்ப்பணம் செய்ய வருகிறவர்கள் கடலில் முங்கி எழும்போது காசு போடுவார்கள். கூட்டம் வடிந்ததும் அய்யா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, காலால் மணலைத் துழாவுவார். தட்டுப்பட்ட இடத்தில் முங்கி அள்ளிக்கொண்டு வருவார். உப்பில் கிடந்த காசு கருத்துப்போயிருக்கும். கருத்த காசைக் கடைக்காரர் முகம் சுளித்து வாங்குவார், பஸ் கண்டக்டர் வாங்கவே மாட்டார். அதனால் அம்மா புளியும் சாம்பலும் போட்டு, தேங்காய் நாரால் கை வலிக்கத் தேய்த்து, வெயிலில் சாக்கு விரித்துக் காயவைப்பாள்.

நான் எண்களைப் படிக்கப் பழகியது அந்தச் சாக்கின் மேல்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஒவ்வொரு காசாக எடுத்து வருஷத்தைச் சத்தமாகப் படிப்பேன். "அது எந்தக் காலத்துது தாயி?" என்று அய்யா கேட்பார். "நீங்க பொறக்காத காலம்" என்பேன். அவருக்குச் சிரிப்புத் தாங்காது.

செல்லாத பழைய காசுகள் தனி. முன்னோர்களுக்கென்று வீட்டில் வைத்திருந்த வெள்ளி ரூபாயைக் கொண்டுவந்து கடலில் போடுகிறவர்களும் உண்டு. அவற்றை ஓர் ஊறுகாய்ப் பாட்டிலில் சேர்த்துவைத்தோம். அவற்றில் இருந்த ராஜாக்களுக்கு நாங்களே பெயர் வைத்தோம்: தாடி ராஜா, தாடியில்லாத ராஜா. அம்மா அவர்களையும் புளியிலிருந்து தப்பவிடவில்லை. "ராஜான்னா பளபளன்னு இருக்க வேணாமா?" என்பாள்.

நான் மதுரையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது அய்யாவின் காதில் சீழ் வைத்தது. இனி முங்கினால் காதே கேட்காமல் போய்விடும் என்று இராமநாதபுரத்து டாக்டர் சொல்லிவிட்டார். கரையில் அவித்த கடலை விற்கலாம். அதற்குத் தள்ளுவண்டி வேண்டும். வண்டிக்கு அந்தப் பாட்டிலைத்தான் நம்பினோம். சித்தப்பா செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டி, "ஒத்தக் காசு லட்சக்கணக்குல போகுதுண்ணே. தள்ளுவண்டி என்னத்துக்கு, காரே வாங்கலாம்" என்று ஏற்றிவிட்டுப் போனார்.

எனக்கு வீடியோவில் நம்பிக்கை இல்லை. மதுரையில் பழைய புத்தகக் கடைகளில் தேடி, நாணயங்களுக்கான விலைப் புத்தகம் ஒன்றை வாங்கினேன். ஆங்கிலப் புத்தகம். ஒவ்வொரு காசுக்கும் படம், எடை, அதில் எவ்வளவு வெள்ளி என்ற குறிப்பு, பக்கத்தில் நான்கு கட்டங்களில் விலை. தேய்ந்த காசுக்கு முதல் கட்டம். கைபடாமல் புதிதாகவே இருப்பதற்குக் கடைசிக் கட்டம். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

விடுமுறைக்கு வந்ததும் பாட்டிலைக் கவிழ்த்து, ஒவ்வொன்றையும் படத்தோடு ஒப்பிட்டு வாசித்தேன். பரீட்சை முடிவு கேட்பவர்கள்போல் அய்யாவும் அம்மாவும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள்.

"நம்மளுது கடைசிக் கட்டந்தான்" என்றாள் அம்மா. "இதவிடப் பளபளப்பு வேற எங்கன இருக்கு?"

புத்தகத்தின் முன்பக்கத்தில் ஒரு எச்சரிக்கை இருந்தது. அதையும் வாசித்துத் தமிழில் சொன்னேன். தேய்த்து மெருகேற்றிய காசுக்கு இந்த விலைகள் பொருந்தாது. கருப்போ களிம்போ, அது இருந்தபடியே இருக்க வேண்டும்.

"என்னது, அழுக்குக்கா வெல?" அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எழுதுனவன் வீட்ல பாத்திரமே வெளக்க மாட்டாகளா?"

அய்யா சிரித்துவிட்டார். பிறகு குவியலைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

அந்த வாரமே மூவரும் மதுரையில் ஒரு பழங்காசுக் கடைக்குப் போனோம். கடைக்காரர் லென்ஸ் வைத்து ஒன்றைப் பார்த்தார், இன்னொன்றைப் பார்த்தார்.

"யாருங்க இதத் தேச்சது?"

"நாந்தேன்" என்றாள் அம்மா. "ஏன், இன்னும் தேய்க்கணுமா?"

"தேய்க்க இன்னும் என்னக்கா மிச்சம் இருக்கு? ராஜாவுக்கு மூக்கையே காணோம்."

சேகரிக்கிறவர்கள் இதைத் தொடமாட்டார்கள், வேண்டுமானால் எடைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார். "பாதி வெள்ளி, பாதி கலப்பு. மொத்தத்துக்கும் அதே ரேட்டுதான்." அய்யா தலையை ஆட்டிவிட்டார். கடைக்காரர் காசுகளைத் தராசுக்கு அள்ளப் போனார்.

"நில்லுங்கண்ணே" என்றேன்.

புத்தகத்தை விரித்துவைத்தேன். தாடியில்லாத ராஜாவின் காசில்தான் பாதி வெள்ளி. தாடி ராஜாவின் காசில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெள்ளி. மூக்கு போயிருந்தாலும் வருஷம் போகவில்லை; அதை வைத்தே எந்த ராஜா என்று சொல்லிவிடலாம். சாக்கின் மேல் படித்ததுபோலவே ஒவ்வொரு காசின் வருஷத்தையும் சத்தமாகப் படித்து, இரண்டு குவியலாகப் பிரித்தேன். தாடி ராஜாவின் குவியல்தான் பெரிதாக வந்தது.

கடைக்காரர் பக்கத்தை வாசித்துப் பார்த்துவிட்டு, "பாப்பா என்ன படிக்குது?" என்றார்.

"எல்லாந்தேன் படிக்கும்" என்றாள் அம்மா. "குவியலத் தனித்தனியாவே நிறுங்க."

கார் வரவில்லை. புது வண்டிக்கும் அந்தப் பணம் போதவில்லை. உச்சிப்புளியில் ஒருவர் விற்ற பழைய தள்ளுவண்டி வந்தது. ஒரு சக்கரம் இன்றும் கீச்சிடுகிறது. அய்யா அதன் பின்னாலிருந்து நனையாத காதுகளோடு கடலை மடித்துக் கொடுக்கிறார்.

நான் மதுரையிலேயே வேலையில் இருக்கிறேன். அமாவாசைக்கு மறுநாள் பக்கத்து வீட்டில் யாராவது புளி கரைத்தால், கையில் எடுத்த வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பேன்.

எப்போதாவது அலை ஒதுக்கிய பழைய காசு ஒன்று வண்டிக்குப் பக்கத்திலேயே அகப்படும். அன்றைக்கு அய்யாவிடமிருந்து போன் வரும். நல்ல காதில் வைத்து, குரலைத் தாழ்த்திப் பேசுவார்.

"தாயி, ஒண்ணு கெடச்சிருக்கு. நல்லாக் கருத்துக் கெடக்கு. உங்கம்மா இன்னும் பாக்கல. வெரசா வா."